பத்தாத ரத்தம்

என் தங்கை இருக்கும் தோட்டத்தில் எனக்கு 'ரத்த டாக்டர்' என்று பெயர். நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்களை வாங்கி, மெஷினில் ஏற்றி, வருகிற எண்ணை வார்டுக்கு அனுப்புகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது, குழாய்தான் என் பக்கம் வரும். இதைத் தோட்டத்துக்காரர்களுக்குப் பலமுறை எடுத்துச் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அது பொய். ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மலேசியாவில் கெமாஸ் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் அது. தமிழ்க் குடும்பங்கள் இப்போது பத்துப் பதினைந்துதான் மிச்சம். நான் பிறந்ததும் அங்கேதான். நான் செனாவாங் டவுனில் வீடு எடுத்து வந்துவிட்டேன், தங்கை கல்யாணமாகி, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான அதே லயத்தில் தங்கிவிட்டாள். கோயில் திருவிழாவுக்குப் போனால் சாமி கும்பிடுவதற்கு முன்பே ஆட்கள் சர்க்கரை அளவு எழுதிய கிளினிக் கார்டை நீட்டுவார்கள். "அண்ணே, இனிப்புநீர் பதினொன்னு காட்டுதுலா, பரவால்லையா?" என்பார்கள். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கார்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, நிதானமாகப் பார்த்து, "சோத்தக் கொறச்சுக்குங்க" என்பேன். கும்பிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது. நம்ம ஆள் ஒருத்தன் பெரிய ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெம்பு. அந்தத் தெம்பைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது.

தங்கை என்னைவிடப் பதினோரு வயது இளையவள். கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. பிறகு ஒரு பெண் பிறந்தது. மாப்பிள்ளை செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். பிள்ளை பிறந்த அன்று எனக்குப் போன் செய்து, "மச்சான், வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். தை மாதம் என் மடியில் வைத்துக் காது குத்துவதாக ஏற்பாடு. தோடுகூட வாங்கிவிட்டேன். அப்போது பாப்பாவுக்குப் பதினான்கு மாதம், நான்கு பல் முளைத்திருந்தது. என்னைப் பார்த்தால் கண்ணாடியைப் பிடுங்கத்தான் முதலில் கை வரும்.

அந்த ஐப்பசியில் பாப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பல் முளைக்கும்போது அப்படித்தான் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். இரண்டாம் நாள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. கொடுக்கக் கொடுக்கத்தானே போகிறது என்று தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். பால் போடாத தேயிலைச் சாயத் தண்ணியைக் கெட்டியாகக் கலக்கி, நாளுக்கு இரண்டு கரண்டி. எங்கள் லயத்தில் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம் அது. நானும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன். தப்பிப் பிழைத்தவர்கள்தானே அந்த வைத்தியத்தை மெச்சிப் பேசமுடியும்.

மூன்றாம் நாள் காலையில் தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குதுண்ணே."

"காய்ச்ச இருக்கா?"

"இல்லண்ணே."

"ரத்தங்கித்தம் போவுதா?"

"இல்ல, தண்ணி தண்ணியாப் போவுது."

"அப்ப பெருசா ஒன்னும் இருக்காது. வைரஸாத்தான் இருக்கும். எதுக்கும் ஒரு ரத்தம் பாத்துருவோம்."

என்ன பேச்சு இது! மூத்திரம் போகிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். பக்கத்துக் கிளினிக்குக்கு இப்போதே தூக்கிக்கொண்டு போ, போகிற வழியெல்லாம் உப்புச்சர்க்கரைத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ரத்தம் ஒன்றுதான், அதனால் வாயில் ரத்தம் வந்தது. "அப்ப ஒங்க ஆஸ்பத்திரிக்கே வரட்டாண்ணே?" என்று கேட்டாள். "வாம்மா, ரெண்டு மணிக்கு மேல நான் உள்ளதான் இருப்பேன்" என்றேன்.

மாப்பிள்ளையோடு வேலை செய்கிறவரின் வேனில் வந்தார்கள். வழியில் இரண்டு கிளினிக் இருந்தன. இரண்டையும் தாண்டித்தான் என்னை நம்பி வந்தார்கள்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வார்டிலிருந்து வருகிற எல்லா ரத்தத்தையும் நாங்கள் மெஷினில் ஏற்றுவதில்லை. அளவு குறைவாக இருந்தால் ஏற்றமாட்டோம். உறைந்திருந்தாலும் அப்படித்தான். விரலைப் பிழிந்து எடுத்திருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, மேலே நிற்கும் நீர் ரோஸ் சிரப் கலந்ததுபோல் சிவந்துவிடும். அதில் வருகிற எண்ணை நம்பமுடியாது. அதனால் கணினியில் அந்தக் குழாயைத் திறந்து, காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, 'மறுபடி எடுக்கவும்' என்று அனுப்பிவிடுவோம். இரண்டு தட்டு, அவ்வளவுதான். இதில் நான் பேர்போனவன். மோசமான ரத்தம் என் கையைத் தாண்டிப் போனதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவர் கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்பார்கள். இதிலும் எனக்குப் பெருமை உண்டு.

அன்றைக்குப் பிற்பகல் குழாய்கள் மலையாகக் குவிந்திருந்தன. கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். நாலு மணி வாக்கில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு குட்டிக் குழாய் வந்தது. அளவுக் கோட்டுக்கு வெகு கீழே, அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ரத்தம். சுழற்றி எடுத்துப் பார்த்தால் நீர் சிவப்பாக இருந்தது. பத்தவும் இல்லை, உடைந்தும் இருந்தது. பெயரை நான் பார்க்கவில்லை. குழாயில் ஒட்டிய பார்கோடைக் கருவி படித்துவிடும், பெயரைப் பார்க்கும் பழக்கம் எனக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து போன் வந்தது. பேசியது ஓர் இளம் டாக்டர், குரலைக் கேட்டால் தமிழ்ப்பெண் என்று தெரிந்தது.

"சார், அந்த ரத்தத்தையே கொஞ்சம் மெஷின்ல ஓட்டிப் பாக்க முடியுமா? ரெண்டு கையும் பாத்துட்டேன், காலும் பாத்துட்டேன். வர மாட்டேங்குது சார்."

"எடுக்கத் தெரியலன்னா கத்துக்கிட்டு எடுங்க டாக்டர். இது லேப். ஜோசியக் கடை இல்ல."

"புள்ள ரொம்பச் சின்னது சார்."

"அது ஒங்க வேலம்மா. ஓட்டுனா பொய்யாத்தான் வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வரமாட்டேன் என்கிறது என்று அந்தப் பெண் சொன்னதை எத்தனையோ நாள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். உடம்பில் தண்ணீர் வற்றிய குழந்தைக்கு ரத்தக் குழாய் சுருங்கிப்போகும். ஊசிக்கு அகப்படாது. அகப்படாததால் விரலைப் பிழிவார்கள், பிழிந்தால் அணு உடையும். நான் குற்றமாகக் கண்ட இரண்டும், அளவு குறைந்ததும் நீர் சிவந்ததும், அந்தக் குழந்தை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொன்ன இரண்டு அடையாளங்கள். எந்த மெஷினும் சொல்வதற்கு முன்னாலேயே குழாய் சொல்லிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த டாக்டருக்குப் பாடம் நடத்தினேன்.

கீழே வார்டில் நடந்ததைத் தங்கை பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஊசி இறங்காததால், முதலில் உப்புநீரைச் சின்னக் கோப்பையில் கொடுத்துப் பார்த்தார்களாம். பாப்பா கொஞ்சம் குடித்தது, கொஞ்சம் கக்கியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது. வயிற்றால் போவதும் நின்றது. நர்ஸ் மிஸ்ஸி வந்து, முதலில் எடுத்த ரத்தம் பத்தவில்லையாம், மறுபடி குத்த வேண்டும் என்றாள். பாப்பாவின் இரண்டு கையும் ஏற்கெனவே நீலம் பாரித்திருந்தன. மாப்பிள்ளை அதைப் பார்க்கமுடியாமல் வெளியே போய் நின்றிருக்கிறார். தங்கை மிஸ்ஸியிடம், "மேல லேப்ல எங்கண்ணன்தான் இருக்கு. ரத்தம் அங்க போயிருச்சுல்ல, அது பாத்துக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குப் போகிறோம் என்றதும், டாக்டர் போகவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாராம். கடைசியில் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

தேநீர் இடைவேளையில் லாக்கரைத் திறந்தபோது அவள் அனுப்பிய செய்தி இருந்தது. 'அண்ணே, பாப்பா ரத்தம் உங்ககிட்ட வந்துருச்சா? வயித்தால போறது நின்னுருச்சு. நாங்க வீட்டுக்குப் போறோம். ரிசல்ட்டு பாத்துட்டு போன் பண்ணுங்க.'

உள்ளே ஓடிப்போய்க் கணினியில் பாப்பாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். பெயருக்கு எதிரே 'அளவு போதவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று இருந்தது. நிராகரித்தவர் என்ற இடத்தில் என் எண்.

இதற்குப் பிறகாவது மனிதன் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாம். தங்கைக்குப் போன் செய்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"தூங்குதுண்ணே. ஒரு தடவகூடப் போவல. நீங்க சொன்ன மாதிரி பெருசா ஒன்னுமில்லபோல."

"ரத்தம் பத்தலன்னு சொல்லிட்டாங்க."

"மிஸ்ஸியும் அதான் சொன்னுச்சு. திரும்ப வரணுமா? இப்பத்தான்ணே தூங்குது."

'வா' என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால், ஏன் பத்தவில்லை, யார் திருப்பியனுப்பினார்கள் என்று பேச்சு வளரும். வயிற்றால் போவது நின்றுவிட்டது என்று அவளே சொல்கிறாள். "காலைல வாம்மா, பாத்துக்கலாம்" என்றேன். ஒரு குழந்தை மூன்று நாள் போய்விட்டுத் திடீரென்று நிறுத்தினால் அது குணமானதாகவும் இருக்கலாம், போவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாததாகவும் இருக்கலாம். எது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதிலை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை எனக்கு வேலை இல்லை. இருந்தாலும் ஆளை மாற்றிக்கொண்டு ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வரும்போது ஒன்பதரை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை ஓடுவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தலை அவர் தோளில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போக எழுந்தேன். பிறகு, ரத்தம் வந்தால் நான்தான் ஓட்டவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இந்தத் தடவை தொடையில் எடுத்திருந்தார்கள். பெயரைப் படித்தேன். கையால் மெஷினில் வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் நின்றேன். எண்கள் வந்ததும் என் கண் முதலில் சி.ஆர்.பி. பக்கம்தான் போனது. உடம்பில் கிருமித் தாக்குதல் பலமாக இருந்தால் அது ஏறும். தோட்டத்துக்காரர்களுக்கு நான் கார்டு பார்த்துச் சொல்கிற எண்களில் அதுவும் ஒன்று. அது இயல்பாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். வைரஸால் போகிற வயிற்றுப்போக்கில் அது ஏறாமலே இருக்கும், ஏறாததால் நோய் லேசு என்று அர்த்தமில்லை. பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் மனம் நல்ல செய்தியைத்தான் முதலில் பொறுக்கிக்கொண்டது.

பிறகு மற்றவற்றைப் பார்த்தேன். பைகார்பனேட் ஏழு. அந்த வயதில் இருபதை ஒட்டி இருக்க வேண்டும். வயிற்றால் போகப் போக உடம்பின் உப்புகளோடு அதுவும் கரைந்து போய், ரத்தம் புளித்துப்போகும். அதை ஈடுகட்டத்தான் குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கும். யூரியா ஏறிக்கிடந்தது, சிறுநீரகத்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. சோடியம் மேலே, பொட்டாசியம் கீழே. இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட வரிசைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அவற்றுக்குப் பின்னால் ஒரு வாய், நான்கு பல் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

ஆபத்தான எண் வந்தால் உடனே வார்டுக்குப் போன் செய்து சொல்லவேண்டும், எடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதுதான் முறை. நான் பாப்பாவின் பெயரைச் சொன்னேன், பதிவு எண்ணைச் சொன்னேன், பைகார்பனேட் ஏழு என்றேன். அந்தப் பக்கம் மிஸ்ஸி மலாயில் திருப்பிச் சொன்னாள். "துஜோ," என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் என் தங்கை பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. "துஜோ, பெத்துல்?" என்று மிஸ்ஸி மறுபடி கேட்டாள். ஏழுதான், சரிதான் என்றேன்.

எலும்பில் துளை போட்டு மருந்து நீர் ஏற்றினார்கள். அந்த இளம் டாக்டர் பக்கத்திலேயே நின்றார். பாப்பா பிற்பகல் இரண்டு மணிக்குள் இறந்துபோனது. என் ஷிப்ட் தொடங்குகிற நேரம்.

தோட்டத்துச் சுடுகாட்டில், சிறுபிள்ளைகளைப் புதைக்கிற ஓரத்தில் புதைத்தோம். மாப்பிள்ளை யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. அங்கே நின்ற ஒருவர் என் தோளைத் தொட்டு, "நீங்க உள்ள இருந்தும் இப்படி ஆயிருச்சேண்ணே" என்றார். குத்திக்காட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குழாயின் பதிவைப் பார்த்த மேலதிகாரி, நிராகரித்தது விதிப்படி சரி என்றார். சரிதான், அந்த ரத்தத்தை ஓட்டியிருந்தால் எண் பொய்யாகத்தான் வந்திருக்கும். இன்றைக்கு வந்தாலும் அதை நிராகரித்தே ஆகவேண்டும். ஆனால் நிராகரித்த கையோடு, 'ரத்தம் வராத அளவுக்குப் பிள்ளை காய்ந்திருக்கிறதே, விடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது அப்படிப்பட்ட குழாய் வந்தால் போன் செய்கிறேன். "தெரியும் சார்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும்தான். அன்றைக்கும் அந்த டாக்டருக்குத் தெரிந்துதான் இருந்தது. நான்தான் அவரைப் பேசவிடவில்லை.

தை மாதம் தங்கையைப் பார்க்கப் போனேன். காது குத்த வேண்டிய மாதம். தோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை, அது என் அலமாரியிலேயே கிடக்கிறது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். பகல் வெயிலில் லயமே வெறிச்சென்று இருந்தது. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மெலிந்து போயிருந்தாள். 

"அண்ணே, ஒன்னு கேக்கவா?"

"கேளும்மா."

"மொத நாளு எடுத்தாங்கல்ல ரத்தம். பத்தலன்னு சொன்னாங்களே. யாருண்ணே பத்தலன்னு சொன்னது?"

 இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்குக் கிளம்பி வந்தேன். கார் ஓட்டிக்கொண்டு வரும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டுகூட வந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் சந்தேகம் துளிகூட இல்லை. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறாள், அவ்வளவுதான்.

"மெஷினும்மா" என்றேன். "மெஷின்தான் சொல்லும்."

அவள் தலையாட்டினாள். தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அதான் நானும் நெனச்சேன்" என்றாள். "மெஷினுக்கு என்னாண்ணே தெரியும். மனுசன் ஒருத்தன் பாத்திருந்தா விட்டிருக்க மாட்டான்."

நான் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டேன். அவள் இன்னும் கொஞ்சம் போட்டாள்.